பதில் வராததைத் தோல்வி என்று எழுதாதீர்கள்: செயன்முறைத் தன்னியக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் மென்பொருள் ஒருங்கிணைப்பு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கருவிகளில் குறை இல்லை. ஒருங்கிணைப்பு மென்பொருள் நிறுவனமான டபிள்யூஎஸ்ஓ2 2005இல் இங்கே தொடங்கியதால், மென்பொருள்களுக்கு நடுவே நின்று செய்தி கடத்தும் ஈஎஸ்பி என்ற சொல் இந்த ஊரில் பலருக்குப் பழக்கம். வரைந்த படத்தைப் படிப்படியாக ஓட்டும் கமுண்டா போன்ற ஒரு செயன்முறை எஞ்சினைப் பதிவிறக்கி ஒரே நாளில் ஓட விடலாம். ஆனாலும், பார்த்துச் சொல்லுங்கோ என்று என்னிடம் வரும் பிபிஎம்என் படங்களில் (செயன்முறையைப் பெட்டியும் அம்புமாக வரையும் முறை), அதற்கு முந்திய செயன்முறை மொழியான பிபெல் காலத்துத் திட்டங்களைக் கவிழ்த்த அதே பிழைகள் மறுபடி நிற்கின்றன. கடவுச்சொல்லைக் கோடுக்குள் எழுதாதே, லாக் எழுது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பதில் வராததைத் தோல்வி என்று எடுப்பது

ஒரு காப்புறுதி இழப்பீட்டுச் செயன்முறையை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பம் வருகிறது, மதிப்பீட்டாளர் அறிக்கை தருகிறார், முகாமையாளர் அனுமதிக்கிறார். கடைசியில் வங்கியின் கொடுப்பனவுச் சேவையை அழைத்து வாடிக்கையாளரின் கணக்கில் பணம் போட வேண்டும். அந்தக் கடைசிப் பெட்டியிலிருந்து இரண்டு அம்புகள்: வெற்றி, தோல்வி. தோல்வி என்றால் மறுபடி முயற்சி. படம் பார்க்க அழகாக இருக்கும். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் இந்தப் படம் அப்படியே லைவுக்குப் போனது. ஒரு மாத முடிவு இரவு, வங்கிப் பக்கத்தில் நாள் முடிவு வேலைகள் ஓடிக்கொண்டிருந்ததால் பதில் வரப் பிந்தியது. செயன்முறை 30 செக்கன் காத்திருந்தது, டைம் அவுட் ஆனது, தோல்வி என்று பதிந்தது, மறுபடி அழைத்தது. முதல் அழைப்பு தோற்கவே இல்லை. வங்கி அதை வாங்கி வரிசையில் போட்டு, ஆறுதலாகப் பணத்தை அனுப்பியது. இரண்டாவதையும் அனுப்பியது. சிலருக்கு மூன்றாவதும் போனது. வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் லங்காபேயின் செஃப்ட்ஸ் வழியாகப் போகும் பணம் உடனேயே மறுபக்கக் கணக்கில் சேர்ந்துவிடும். அனுப்பியவர் தன்பாட்டுக்கு அதைத் திருப்பி எடுக்க முடியாது. கணக்குப் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தொலைபேசி எடுத்து, "பிழையாக வந்த காசைத் திருப்பித் தாங்கோ" என்று கேட்க வேண்டியிருந்தது. படம் வரைந்தவர் யாரும் அந்த ஏச்சைக் கேட்கவில்லை, அவர்தான் கேட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

வெளிச் சேவை ஒன்றை அழைத்தால் முடிவு மூன்று: நடந்தது, நடக்கவில்லை, நடந்ததா என்று தெரியவில்லை. டைம் அவுட் மூன்றாவது வகை. கோரிக்கை போகும் வழியில் தொலைந்திருக்கலாம். வேலை முடிந்து, பதில் வரும் வழியில் தொலைந்திருக்கலாம். வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கலாம். அழைத்தவர் பக்கத்தில் நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆகவே படத்தில் மூன்றாவது அம்பு வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை அல்ல. ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் ஒரு தனி இலக்கத்தை உருவாக்கி, வங்கியை அழைக்கும் முன்பே அதைத் தரவுத்தளத்தில் சேமித்துவிடுங்கள். எத்தனை முறை அழைத்தாலும் அதே இலக்கம் போக வேண்டும். மறுபக்கச் சேவை அந்த இலக்கத்தை ஏற்கெனவே கண்டிருந்தால், புதிதாக ஒன்றும் செய்யாமல் பழைய பதிலையே தர வேண்டும். சில சேவைகளின் ஒப்பந்தத்தில் இப்படியொரு இலக்கத்துக்கு இடமே இருக்காது. இந்த இலக்கத்துக்கு என்ன நடந்தது என்று விசாரிக்கவும் வழி இருக்காது. பணம் நகரும் வேலையில் அப்படிப்பட்ட சேவையைத் தானாக மறுமுறை அழைக்கவே கூடாது. 'தெரியவில்லை' என்ற நிலையில் நிறுத்தி, ஓர் உத்தியோகத்தர் வங்கிக் கூற்றைப் பார்த்துத் தீர்மானிக்கும் பணியாக மாற்றிவிடுங்கள்.

இதைச் சொன்னால், "அது போட்டாச்சு அண்ணா" என்பார்கள். திறந்து பார்த்தால், அந்தத் தனி இலக்கத்தை (யூயூஐடி) உருவாக்கும் வரி மறுமுயற்சி லூப்புக்குள் இருக்கும். ஒவ்வொரு முயற்சிக்கும் புது இலக்கம் போகிறது. வங்கிக்கு ஒவ்வொன்றும் புதுக் கொடுப்பனவு. சோதனையில் இது பிடிபடாது, ஏனென்றால் சோதனைச் சேர்வர் எப்போதும் உடனே பதில் சொல்லும்.

அப்புறம், யார் யார் மறுமுயற்சி செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கமுண்டா 7 தோற்ற வேலையை வழமையாக 3 முறை முயலும். நடுவில் இருக்கும் ஈஎஸ்பியிலும் யாரோ 3 என்று வைத்திருப்பார். பெருக்கினால் 9 அழைப்புகள். ஏற்கெனவே திணறும் வங்கிச் சேர்வருக்கு அது இன்னும் சுமை. மறுமுயற்சியை ஓரிடத்தில் மட்டும் வையுங்கள்.

இன்னொரு பொறி படத்தில் தெரியவே தெரியாது. கமுண்டா 7 ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் நிலையைச் சேமிப்பதில்லை. ஒரு காத்திருப்புப் புள்ளியிலிருந்து (ஆளுக்கோ டைமருக்கோ எஞ்சின் காத்து நிற்கும் இடம்) அடுத்த காத்திருப்புப் புள்ளி வரைக்கும் ஒரே தரவுத்தளப் பரிவர்த்தனை: முழுதும் சேமிக்கப்படும், இல்லாவிட்டால் முழுதும் பின்வாங்கப்படும். கொடுப்பனவு வெற்றியாக முடிகிறது, அடுத்த பெட்டியில் எஸ்எம்எஸ் சேவை பிழை எறிகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் கடைசியாகச் சேமித்த இடத்துக்குத் திரும்பிவிடும். மறுபடி ஓடும்போது கொடுப்பனவும் மறுபடி அழைக்கப்படும். எஞ்சினின் தரவுத்தளம் பின்வாங்கும், வங்கி பின்வாங்காது. ஓர் எஸ்எம்எஸ்ஸுக்காக இரண்டு முறை பணம் போகும். பணம் நகரும் பெட்டிக்கு முன்னும் பின்னும் ஏசிங்க் அடையாளம் (இங்கே நிலையைச் சேமி என்று எஞ்சினுக்குச் சொல்வது) போட்டு அதைத் தனியாக்குங்கள். தனி இலக்கம் அப்போதும் வேண்டும்: பணம் போன பிறகு, நிலையைச் சேமிக்கும் முன் சேர்வர் விழுந்தால் ஏசிங்க் அடையாளம் காப்பாற்றாது.

ஈடுசெய்தலை ரோல்பேக் என்று நினைப்பது

நீண்ட பரிவர்த்தனையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஈடுசெய்யும் செயலை வைக்கலாம் என்று ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் 1987இலேயே எழுதிவிட்டார்கள். 2007இல் வந்த பிபெல் 2.0, 2011இல் வந்த பிபிஎம்என் 2.0 இரண்டிலும் அதற்கென்று குறியீடு உண்டு. ஆனால் ரோல்பேக், நடக்கவே இல்லை என்பதுபோலத் தரவுத்தளத்தைப் பின்வாங்க வைக்கும்; ஈடுசெய்தல் எதையும் அழிப்பதில்லை. அது புதிதாக நடக்கும் இன்னொரு செயல். திருப்பிக் கொடுத்த பணம் கூற்றில் இன்னொரு வரியாக நிற்கும். "உங்கள் கடன் அனுமதிக்கப்பட்டது" என்று போன எஸ்எம்எஸ்ஸைத் திருப்பி எடுக்க முடியாது. திருப்ப முடியாத படிகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஈடுசெய்யும் சேவையும் தோற்கலாம்; அதற்கும் ஒரு வழி வரைந்திருக்க வேண்டும்.

ஈஎஸ்பிக்குள் வணிக விதி

வைக்காதீர்கள். அது செய்தி கடத்தட்டும், தீர்மானிக்க வேண்டாம்.

மூன்று நாள் என்றால் எந்த மூன்று நாள்

டைமரில் பி3டி (மூன்று நாள்) என்று எழுதினால் எஞ்சின் 72 மணித்தியாலத்தை எண்ணும், அவ்வளவுதான். 'மூன்று வேலை நாட்களுக்குள் பதில் தராவிட்டால் மேலிடத்துக்குப் போகட்டும்' என்ற விதியை இப்படி எழுதினால், வெள்ளி பின்னேரம் வந்த கோப்பு திங்கள் பின்னேரம் மேலிடத்தில் இருக்கும். இங்கே ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போயா விடுமுறை. வெசாக்குக்கு அடுத்த நாளும் விடுமுறை. அதற்கு மேல், வங்கி விடுமுறையும் வர்த்தக விடுமுறையும் ஒன்றல்ல: தீபாவளிக்கு வங்கி பூட்டு, ஆனால் அது வர்த்தக விடுமுறை இல்லை என்பதால் பல தனியார் அலுவலகங்கள் திறந்திருக்கும். விடுமுறை நாட்காட்டியை ஒரு தனிச் சேவையாக வைத்து, எந்த வகை நாட்காட்டி என்பதையும் கேள்வியோடு அனுப்புங்கள். போயா திகதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒவ்வொரு செயன்முறைக்குள்ளும் அவற்றை எழுதிவைத்தால், தை பிறந்ததும் யாராவது ஒன்றைத் திருத்த மறப்பார்.

அடையாள அட்டை இலக்கத்தைச் சாவியாக்குவது

பழைய தேசிய அடையாள அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும். 2016இலிருந்து 12 இலக்கங்கள், எழுத்து இல்லை. ஒரே மனிதர் வங்கியில் பழைய இலக்கத்தோடும் காப்புறுதியில் புதிய இலக்கத்தோடும் இருப்பது சாதாரணம். இரண்டு சேவைகளின் தரவையும் அந்த இலக்கத்தைக் கொண்டு நேரடியாகச் சேர்த்தால் ஒருவர் இருவர் ஆகிவிடுவார். உங்களுக்கென்று ஓர் உள் வாடிக்கையாளர் இலக்கம் வைத்திருங்கள். இரண்டு வடிவங்களையும் பொருத்தும் வேலையை ஒரே சேவை செய்யட்டும்.

பெயரிலும் இதே சிக்கல் உண்டு. குடும்பப் பெயர் கட்டாயம் என்று தரவின் வடிவத்தை வரையறுக்கும் ஸ்கீமாவில் எழுதிவிடுகிறார்கள். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயரும் தன் பெயரும்தான். ஒரு படிவத்தில் தகப்பன் பெயர் கடைசியில் போகும், இன்னொன்றில் முன்னெழுத்தாக முன்னால் நிற்கும், பிறகு பெயர் பொருந்தவில்லை என்று செயன்முறை நின்றுவிடும். முழுப்பெயருக்கு ஒரே புலம் போதும்.

ஒவ்வொரு அட்டவணைக்கும் ஒரு சேவை

அது தரவுத்தளத்துக்கு ஒட்டிய இன்னொரு கதவுதான். 'கடனை அனுமதி' என்பது சேவை. 'கடன் அட்டவணையின் நிலைப் புலத்தை மாற்று' என்பது சேவை இல்லை.

கைநூலைப் பார்த்துப் படம் வரைவது

இறக்குமதி நிறுவனம் ஒன்றின் கைநூலில், மூல ஆவணங்கள் வந்த பிறகே சுங்கப் பிரகடனம் தயாரிக்க வேண்டும் என்று இருந்தது. புறக்கோட்டையில் அவர்களுடைய அலுவலகத்தில் போய் இருந்து பார்த்தால், துறைமுக, சுங்க வேலைகளைப் பார்க்கும் வார்ஃப் கிளார்க் வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை வைத்து முன்கூட்டியே வரைவை முடித்துவிடுகிறார். துறைமுகத்தில் கொள்கலன் தங்கும் ஒவ்வொரு நாளும் காசு என்பது அவருக்குத் தெரியும். கைநூல்படி தன்னியக்கம் செய்திருந்தால் அவர் இலாபமாக்கித் தந்த நேரத்தை மென்பொருள் பறித்திருக்கும். வேலை செய்பவர் பக்கத்தில் போய் இருந்து பாருங்கள் தம்பி, தங்கச்சிமாரே. படம் அதற்குப் பிறகு.

பணியை ஆளின் பெயரில் கொடுப்பது

பதவிக்குக் கொடுங்கள். ஆள் லீவில் போவார்.

ஓடிக்கொண்டிருப்பவற்றை மறப்பது

ஒரு வீட்டுக் கடன் விண்ணப்பம் வாரக்கணக்கில் ஓடும். நீங்கள் இன்றைக்கு ஏற்றும் புதிய பதிப்பில் இனித் தொடங்குபவைதான் போகும். ஏற்கெனவே தொடங்கியவை பழைய படத்திலேயே தொடரும், நீங்களாக மாற்றினால் ஒழிய. இந்த நேரத்தில் சேவையின் ஒரு புலத்துக்குப் பெயரை மாற்றினால், பழையவை அந்தப் பெட்டியை அடையும் நாளில் ஒவ்வொன்றாக விழும். அதுவரை எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரிவதால், காரணம் தேடுபவர் நேற்று ஏற்றியதையே தோண்டிக்கொண்டிருப்பார். புலத்தைச் சேர்ப்பது பரவாயில்லை. பெயர் மாற்றுவதும் நீக்குவதும் புதிய சேவைப் பதிப்பாகத்தான் வர வேண்டும். கடைசிப் பழைய விண்ணப்பம் முடியும்வரை பழைய சேவையை நிறுத்தாதீர்கள். எத்தனை மீதி என்று எஞ்சினையே கேட்கலாம், பதிப்பு வாரியாகச் சொல்லும்.