கல்யாண மண்டபத்துக்கு ஒரு வலைத்தளம்: டிசைன் பழகுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வெப் டிசைன் பழகுகிறவர்களின் பயிற்சி வேலைகளைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு காபி ஷாப் இருக்கும், ஒரு டிராவல் கம்பெனி இருக்கும், ஷூ விற்கிற கடை ஒன்று கட்டாயம் இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில்தான். எழுத்து வர வேண்டிய இடமெல்லாம் லோரம் இப்சம். பார்க்க நன்றாகவே இருக்கும். அதே ஆளிடம் ஊர்ப் பக்கம் இருக்கிற ஒரு கல்யாண மண்டபத்துக்குத் தமிழில் தளம் செய்து தரச் சொல்லுங்கள். படித்த கொள்கைகளில் எது உள்ளே இறங்கியிருக்கிறது, எது வாயோடு நிற்கிறது என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். அதனால் இங்கே அந்த மண்டபத்தையே வைத்துப் பேசலாம்.

என் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட தவறுகள் ஒரே இடத்தில் பிறக்கின்றன: உள்ளே என்ன வரப்போகிறது என்று தெரிவதற்கு முன்பே டிசைனை முடித்துவிடுவது. லோரம் இப்சம் அதற்கு வசதியான கருவி. ரோமானிய அறிஞர் சிசரோ கி.மு. 45இல் எழுதிய லத்தீன் நூலைச் சிதைத்து உண்டாக்கிய பொருளற்ற உரை அது. 1960களில் லெட்ராசெட் என்ற ஒட்டெழுத்துத் தாள்கள் வழியாக அச்சுத் தொழிலில் பரவியது. பக்கத்தில் எழுத்து எப்படி விழுகிறது என்று காட்டுவதற்கு அது போதும். பந்தியில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று அது ஒருநாளும் சொல்லாது.

மண்டபத் தளத்தைத் திறக்கிற ஆள் யார்? பெண்ணின் அப்பா, தாய்மாமா, அல்லது குடும்பத்தில் விவரம் தெரிந்த ஒரு சித்தப்பா. கையில் இருப்பது செல்போன். பஸ் ஸ்டாண்டிலோ, ஜோசியர் வீட்டு வாசலிலோ நின்றுகொண்டு பார்க்கிறார். அவருக்கு வேண்டியது ஆறேழு விஷயம்தான். அந்த முகூர்த்தம் காலியா, வாடகை எவ்வளவு, கரண்ட் பில்லும் கிளீனிங்கும் அதில் சேர்த்தியா தனியா, எத்தனை பேர் கொள்ளும், சமையல் பாத்திரம் உண்டா, மாப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை ரூம், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா. இவற்றை ஒரு தாளில் எழுதி, மண்டபத்து மேனேஜரிடம் பதில் வாங்கிவிட்டு ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளைத் திறந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. எழுதாமல் திறந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு ஸ்லைடர் வந்து உட்காரும். வாழைமரம் கட்டிய வாசல், டிரோன் எடுத்த வீடியோ, மணமேடை என்று நான்கு படங்கள் தானாக நகரும், மேலே "உங்களை அன்புடன் வரவேற்கிறோம்". அமெரிக்காவின் நோட்டர்டாம் பல்கலைக்கழகத் தளத்தில் இப்படி நகரும் படங்களை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று எரிக் ரன்யன் 2013இல் கணக்கெடுத்து வெளியிட்டார். வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் அழுத்தியிருந்தார்கள், அதிலும் பெரும்பங்கு முதல் படத்துக்கே. இரண்டாவது, மூன்றாவது படங்களில் போட்டதெல்லாம் கிட்டத்தட்ட வீண். முதல் திரையில் ஒரே படம், அதன் கீழே கொள்ளளவு, வாடகை, காலி தேதி பார்க்க ஒரு பட்டன், தொட்டால் அழைப்பு போகிற போன் நம்பர். இது போதும். ஓனருக்கு வீடியோ வேண்டுமென்றால் பக்கத்தின் அடியில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் பணம் தருகிறவர், அவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அடுத்தது மெனு. "எங்களைப் பற்றி, சேவைகள், வசதிகள், கேலரி" என்று எந்தத் தளத்துக்கும் பொருந்துகிற வார்த்தைகள். பயன்பாட்டியல் வல்லுநர் ஜேகப் நீல்சன் 1994இல் வகுத்த பத்துப் பயன்பாட்டு விதிகளில் ஒன்று, தளம் பயனரின் பேச்சில் பேச வேண்டும் என்பது. மண்டபம் பார்க்க வருகிறவர் "சேவைகள்" என்று யாரிடமும் கேட்டதில்லை. வாடகை, தேதி, பந்தி, ரூம்கள், வழி என்று அவர் கேட்கிற சொல்லையே மெனுவில் வையுங்கள். பட்டனுக்கும் இதுவே. "சமர்ப்பிக்கவும்" என்றால் எதைச் சமர்ப்பிப்பது, யாருக்கு? "காலி தேதி பார்க்க" என்று இருந்தால் தயங்காமல் அழுத்துவார்.

தமிழ் எழுத்து வந்ததும் உடைகிற இடங்கள்

டெம்ப்ளேட்டுகள் ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்தவை. தலைப்புகளுக்கு வரி உயரம் 1.1, அதாவது எழுத்தின் அளவைப் போல் 1.1 மடங்கு, என்று வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் கச்சிதமாக இருக்கும். தமிழில் "திருமூர்த்தி மண்டபம்" என்று இரண்டு வரியாக விழுந்தால் மேல்வரியின் மூ, ரு போன்ற எழுத்துகளின் வாலும் கீழ்வரியின் கொக்கியும் புள்ளியும் ஒன்றோடொன்று முட்டும். தலைப்புக்கு 1.4, பத்திக்கு 1.7 என்று தொடங்கிப் பார்த்து, எழுத்துருவுக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தடித்த எழுத்தில் இன்னொரு வம்பு. தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லையென்றால் உலாவி சாதாரண எழுத்தையே வீங்க வைத்துக் காட்டும். ண, ஞ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு மைக்கறை போல் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி பல தடிமன்களில் வருகிற எழுத்துருவை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. சாய்வெழுத்தையும் விட்டுவிடுங்கள். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் அதற்கென்று தனி வடிவம் கிடையாது, உலாவி வலுக்கட்டாயமாகச் சாய்ப்பதுதான்.

பட்டன் அகலத்தை இத்தனை பிக்சல் என்று அடித்து வைப்பதும் வழக்கமாக நடப்பது. நீங்கள் எழுத்துரு எதுவும் சொல்லாவிட்டால் விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் தமிழ் சங்கம் என்று ஆளுக்கொரு எழுத்துரு வரும், ஒவ்வொன்றுக்கும் அகலம் வேறு. "காலி தேதி பார்க்க" உங்கள் லேப்டாப்பில் ஒரு வரியில் அடங்கி, மாமாவின் போனில் "பார்க்க" மட்டும் பட்டனுக்கு வெளியே தொங்கும். அகலத்தை விட்டுவிட்டு உள் இடைவெளியை மட்டும் கொடுங்கள்.

இதைவிட நுணுக்கமானது எழுத்தை வெட்டுவது. பக்கத்தில் வருகிற சின்ன அட்டைக் கட்டங்களில் நீளமான விவரத்தை இத்தனை எழுத்தோடு நிறுத்தி மூன்று புள்ளி வைக்கிற பழக்கம் இருக்கிறதே, அது தமிழில் மானத்தை வாங்கும். "மண்டபம்" நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினி அதை ஏழு குறிகளாகச் சேமிக்கிறது. இரண்டு புள்ளிகளும் தனித்தனிக் குறி. ஆறாவது குறியோடு வெட்டினால் "மண்டபம" என்று நிற்கும், இரண்டோடு வெட்டினால் "மண". ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த எழுத்தில் வெட்டு விழுந்தால் "கொட்டகை"யின் முதல் எழுத்து வெறும் "க" ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் எண்ணி வெட்டாமல், இத்தனை வரி மட்டும் காட்டு என்று, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கிற சிஎஸ்எஸ்ஸிடம் சொல்லிவிடுங்கள், எழுத்தை உடைக்காமல் உலாவி பார்த்துக்கொள்ளும். சேமிப்புக்கும் இதே கணக்கு உண்டு. எழுத்துகளைச் சேமிக்கிற யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். "மண்டபம்" மட்டுமே 21 பைட். பெயருக்கு 50 பைட் போதும் என்று யாராவது டேட்டாபேஸில் வைத்திருந்தால் பாதிப் பெயர் காணாமல் போகும்.

மண்டபத்து ஓனர் தருகிற தகவல் பெரும்பாலும் ஒரு பிளக்ஸ் பேனரின் படமாகத்தான் வரும். வாடகை, விதிமுறை எல்லாம் அதிலேயே இருக்கும். அதை அப்படியே தளத்தில் ஏற்றிவிடுவது சோம்பல். போனில் இரண்டு விரலால் விரித்து விரித்துப் படிக்க வேண்டும், தேடினால் கிடைக்காது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும். உரையாகக் கேட்டால் டிடிபி கடையிலிருந்து பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வரும். ஒட்டியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடுக்கு மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பக்கத்தின் மொழி எது என்று எச்டிஎம்எல் நிரலின் தொடக்கத்திலேயே குறிக்க வேண்டும். டெம்ப்ளேட்டில் அது ஆங்கிலம் என்றே இருக்கும், யாரும் மாற்றுவதில்லை. திரைவாசிப்பான் எந்தக் குரலை எடுப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரலிடம் கொடுத்தால் திணறும், அல்லது பேசாமல் இருந்துவிடும். en என்பதை ta என்று, இரண்டே எழுத்து மாற்றுகிற வேலை.

படிவம்

படிவத்தில் ஒரு டிசைனரின் சுயரூபம் தெரிந்துவிடும் என்பேன். மண்டபத் தளத்தில் விசாரணைப் படிவம் ஒன்று இருக்கும். முதல் பெட்டி முதற்பெயர், இரண்டாவது பெட்டி கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயம். எஸ். முத்துலட்சுமி என்ன செய்வார்? கடைசிப் பெயரில் ஆங்கிலத்தில் "S" என்று தன் இனிஷியலைப் போடுவார். குறைந்தது மூன்று எழுத்து வேண்டும் என்று பெட்டி சிவக்கும். பிறகு அப்பா பெயரைப் போடுவார், அல்லது முத்துலட்சுமியையே இரண்டு தடவை அடிப்பார். உலகம் முழுக்கப் பெயர்கள் ஒரே மாதிரி அமைவதில்லை, பெயரைப் பிரித்துத்தான் ஆக வேண்டுமா என்று யோசியுங்கள் என்று இணையத் தரங்களை வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பே வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. "பெயர்" என்று ஒரே பெட்டி வையுங்கள். இனிஷியல் முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் புள்ளி வைத்தாலும் ஏற்றுக்கொள்ளட்டும்.

போன் நம்பரும் அப்படித்தான். ஒருவர் முன்னால் 0 போடுவார், ஒருவர் 91 போடுவார், ஒருவர் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு இடைவெளி விடுவார். "தவறான உள்ளீடு" என்று திட்டுவதை விட்டுவிட்டு, இடைவெளியையும் முன்னொட்டையும் நிரலே நீக்கிக்கொள்ளலாம். ஆதார் அட்டையில் எண்ணை நான்கு நான்காகப் பிரித்துத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். பார்த்தபடி இடைவெளியோடு அடித்தால் ஏற்க மறுக்கிற படிவங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உண்மையிலேயே தப்பு என்றால் என்ன தப்பு என்று சொல்லுங்கள்: "போன் நம்பரில் 9 இலக்கம்தான் இருக்கிறது, 10 வேண்டும்." தப்பைக் காட்டிவிட்டு மற்ற பெட்டிகளையும் காலி செய்கிற படிவத்தை எழுதியவரை அதே படிவத்தைப் பத்து தடவை நிரப்ப வைக்க வேண்டும்.

பெட்டியின் உள்ளே மங்கலாக "பெயர்" என்று எழுதிவிட்டு வெளியே ஒன்றும் எழுதாமல் விடுவது இப்போது ஸ்டைல். ஒரு எழுத்து அடித்ததும் அந்தக் குறிப்பு மறைந்துவிடும். நடுவில் ஒரு போன் வந்து பேசிவிட்டுத் திரும்பினால் எந்தப் பெட்டியில் எதை அடித்தோம் என்று சரிபார்க்க வழியில்லை. குறிப்பைப் பெட்டிக்கு மேலே வையுங்கள். பெட்டிக்குள் அடிக்கிற எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் சஃபாரி தானாகத் திரையைப் பெரிதாக்கி ஆட்டிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதிக்கு நாள்காட்டி ஒன்று வைப்பார்கள், இன்றைய தேதியில் திறக்கும். கல்யாணம் எட்டு மாதம் கழித்து இருக்கும். இங்கே நாள்காட்டியே தேவைதானா? அந்த வருஷத்து முகூர்த்த நாட்களை மாதவாரியாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "காலி" அல்லது "புக் ஆகிவிட்டது" என்று எழுதிவிட்டால் போதும். ஆடியும் மார்கழியும் கிட்டத்தட்ட காலியாகவே கிடக்கும், அந்த மாதங்களை மடித்து வைத்துவிடலாம். 05/06 என்று எண்ணில் போடாதீர்கள், ஜூன் ஐந்தா மே ஆறா என்று குழப்பம் வரும். பச்சை, சிவப்புப் புள்ளி மட்டும் வைத்தால் பச்சை-சிவப்பு நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் சொல்லாகவும் எழுதச் சொன்னேன்.

வெயில், விரல், சிக்னல்

வெள்ளைமேல் வெளிர்சாம்பல் எழுத்து டிசைனரின் மானிட்டரில் நாசூக்காகத் தெரியும், வெயிலில் நிற்கிற போனில் ஒன்றுமே தெரியாது. டபிள்யூ3சியின் அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு கேட்கிறது. எல்லோரும் விரும்பிப் போடுகிற #999999 என்ற சாம்பல் நிறம் வெள்ளைமேல் 2.85 மட்டுமே வரும், அதைவிட அடர்ந்த #767676 மயிரிழையில் தேறும். உலாவியின் டெவலப்பர் கருவியிலேயே இதைப் பார்க்கலாம். தொடுகிற இடத்துக்கு அதே வழிகாட்டியின் 2023ஆம் ஆண்டுப் பதிப்பு குறைந்தபட்சம் 24 பிக்சல் சதுரம் என்கிறது. ஆப்பிள் 44, கூகுள் 48 என்று பரிந்துரைக்கின்றன. 24 என்பது தப்பிப்பதற்கான அளவு, நான் 44க்குக் கீழே போவதில்லை. விரல் விரித்துப் பெரிதாக்குவதைத் தடுக்கிற ஒரு வரி சில டெம்ப்ளேட்டுகளில் ஒளிந்திருக்கும், கண்டால் அழித்துவிடுங்கள்.

வேகத்துக்குக் கூகுள் வைத்திருக்கிற அளவுகோல், முதன்மையான உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது. மண்டபத் தளத்தைக் கெடுப்பது எப்போதும் போட்டோகிராபர் தந்த படங்கள்தான், ஒவ்வொன்றும் பல எம்பி இருக்கும். சுருக்கி, அகலத்தையும் உயரத்தையும் குறிப்பிட்டு ஏற்றுங்கள். குறிப்பிடாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் கீழே குதிக்கும், போன் நம்பரைத் தொடப் போனவர் கேலரியைத் தொட்டுவிடுவார்.

காட்டிப் பார்ப்பது

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். எண்ணிக்கையைப் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது, சின்னத் தளத்துக்கு ஐந்து பேர் தாராளம். ஆனால் கூடப் படித்தவர்களிடம் காட்டினால் அவர்கள் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். வீட்டில் கல்யாண வேலை பார்த்த ஆட்களைப் பிடியுங்கள். அவர்களுடைய போனிலேயே திறக்கச் சொல்லுங்கள். "நல்லா இருக்கா மாமா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்றுதான் பதில் வரும், உபயோகமில்லை. "ஆவணி கடைசி முகூர்த்தம் காலியான்னு பாத்துச் சொல்லுங்க மாமா" என்று வேலை கொடுங்கள். கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள். "மேல அந்த மூணு கோட்டை அமுக்குங்க" என்று நீங்கள் சொன்ன நிமிஷமே சோதனை முடிந்தது. எங்கே விரல் நின்றது, எந்த இடத்தில் திரும்பிப் போனார், எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தளத்தை மூடிவிட்டு நேரே மேனேஜருக்குப் போன் போட்டால் அதையும் எழுதிக்கொண்டு, போனில் முதலில் என்ன கேட்டார் என்று கவனியுங்கள். அந்தக் கேள்விக்கான பதில் முதல் திரையில் இல்லை என்று அர்த்தம்.