படிக்கத் தெரிந்தும் பொருள் புரியாத குழந்தைக்குச் சொந்த அனுபவத்தின் வழியே வாசிப்பைக் கற்பிப்பது எப்படி?

மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தை ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறியாவது வாசித்து முடித்துவிடும், "என்ன படித்தாய்?" என்று கேட்டால் திருதிருவென விழிக்கும், அல்லது கடைசி வரியை மட்டும் திருப்பிச் சொல்லும். நாம் உடனே "மறுபடியும் படி" என்கிறோம். இதனால் பெரும்பாலும் பயன் இருப்பதில்லை. அந்தக் குழந்தைக்குத் தேவை, தான் வாழ்ந்து அறிந்ததைப் பாடத்துக்குள் கொண்டுவந்து, அதைக் கொண்டு பாடத்தை விளங்கிக்கொள்ளும் பழக்கம். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தரும் பெற்றோரும், மாலை நேரக் கல்வி மையங்களில் கற்பிக்கும் தன்னார்வலர்களும் இதைத் தொடங்க ஒரு சிறு பத்தியும் அரை மணி நேரமும் போதும்.

முன்னறிவுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை 1988 இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகிய இருவர் நடத்திய ஆய்வு தெளிவாகக் காட்டியது. பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியை மாணவர்களுக்குக் கொடுத்தபோது, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் அந்த விளையாட்டை நன்கு அறிந்தவர்கள், நன்றாக வாசிக்கக்கூடிய ஆனால் விளையாட்டை அறியாத மாணவர்களைவிட அதை நன்றாக நினைவுகூர்ந்து விளக்கினார்கள். நம் குழந்தைகளிடமும் அப்படிப்பட்ட அறிவு நிறைய இருக்கிறது. பாடப்புத்தகத்தைத் திறந்ததும் அதை வெளியே வைத்துவிட வேண்டும் என்றுதான் அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

முதற்படி: சிக்கல் எங்கே என்று பாருங்கள்

பத்தியை நீங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டிக் கேள்வி கேளுங்கள். காதால் கேட்டபோது குழந்தைக்குப் புரிந்துவிட்டால், அதன் சிக்கல் எழுத்துகளைக் கூட்டி வாசிப்பதில் இருக்கிறது. அதற்கு எழுத்துப் பயிற்சியும் சரளமாக வாசிக்கும் பயிற்சியும் முதலில் வேண்டும். கேட்டும் புரியவில்லை என்றால், கீழ்க்காணும் முறை அந்தக் குழந்தைக்கானது. பல குழந்தைகளுக்கு இரண்டும் கலந்தே இருக்கும். அவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: பத்தியைத் தேர்ந்தெடுங்கள்

ஆறு, ஏழு வரிகள் போதும். தெரியாத சொற்கள் ஒன்றிரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடாத பத்தியாக இருப்பது முக்கியம். நாமே எழுதிக்கொள்ளலாம், உதாரணமாக இதைப் பாருங்கள்:

"மழை வலுத்தது. செல்வி பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் ஒதுங்கி நின்றாள். பாட்டி கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு துண்டோடு திரும்பினார்."

பாட்டி ஏன் துண்டு கொண்டுவந்தார்? செல்வி நனைந்திருந்தாள் என்று பத்தியில் எங்கும் இல்லை. மழையில் நனைந்து வந்து அம்மாவிடம் தலை துவட்டிக்கொண்ட குழந்தையிடம் அந்த விடை ஏற்கெனவே இருக்கிறது.

மூன்றாம் படி: நீங்கள் முதலில் செய்துகாட்டுங்கள்

"உன் அனுபவத்தோடு தொடர்புபடுத்து" என்று சொன்னால் எந்தக் குழந்தைக்கும் விளங்காது. வாசித்துக்கொண்டே நடுவில் நிறுத்தி, உங்கள் மனத்தில் ஓடுவதைப் பேச்சுத்தமிழிலேயே உரக்கச் சொல்லுங்கள்: "சின்ன வயசுல எனக்கும் இப்படித்தான், ஸ்கூல் விட்டு வந்தா வீடு பூட்டியிருக்கும். நனைஞ்சுபோய் நின்னா குளிரும், கொஞ்சம் பயமாவும் இருக்கும். அதனால செல்விக்கும் இப்ப பயமா இருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா அப்படின்னு இதுல எழுதலை. மேல படிச்சுப் பாப்போம்." இதில் நினைவு இருக்கிறது, அதிலிருந்து பிறந்த ஊகம் இருக்கிறது, அந்த ஊகம் சரிதானா என்று பத்தியிடமே திரும்பிக் கேட்பதும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நான்காம் படி: குழந்தையைப் பேசவிடுங்கள், பிறகு பத்திக்குத் திருப்புங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். முழுப் பயிற்சியின் பலனும் இதில்தான் அடங்கியிருக்கிறது. பத்தியில் இரண்டு இடங்களில் நிறுத்தி, "இதைப் படிச்சதும் உனக்கு என்ன ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். குழந்தை வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும். செந்தமிழில் சொல்லும்படி திருத்தினால் அந்த நொடியே வாயை மூடிக்கொள்ளும்.

பெரும்பாலும் முதலில் வரும் பதில் இப்படி இருக்கும்: "எங்க வீட்லயும் திண்ணை இருக்கு. அதுல எங்க தாத்தா தூங்குவாரு. தாத்தாவுக்கு நாய்னா பயம்." பேச்சு மழையை விட்டு நாய்க்குப் போய்விட்டது. "நல்லா சொன்னே" என்று பாராட்டி அடுத்த குழந்தையிடம் நகர்ந்துவிட்டால், குழந்தை பேசியது என்ற மகிழ்ச்சி கிடைக்குமே தவிர, பத்தி ஒரு வரிகூடக் கூடுதலாகப் புரிந்திருக்காது. அதற்காக "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்று தடுத்துவிடவும் கூடாது. அது சொன்னதிலிருந்தே ஒரு நூலைப் பிடித்துத் திருப்புங்கள்:

"உங்க திண்ணையில நின்னா சாரல் அடிக்குமா கண்ணு?"
"காத்தடிச்சா அடிக்கும். பாயெல்லாம் நனைஞ்சிரும்."
"அப்ப செல்வி திண்ணைக்கு வந்த பிறகு?"
"அவளும் நனைஞ்சிருப்பா. அதான் பாட்டி துண்டு எடுத்தாங்க!"

திண்ணை இப்போது பத்தியைத் திறந்துவிட்டது. இதைப் பழக்கமாக்க, நோட்டில் மூன்று கட்டங்களாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்: "கதையில் நடந்தது", "எனக்கு நினைவு வந்தது", "அதனால் எனக்குப் புரிந்தது". எழுதச் சிரமப்படும் குழந்தை முதல் இரண்டில் படம் வரையலாம். மூன்றாவதை அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொடுங்கள். மூன்றாவது காலியாக இருக்கும் நினைவு எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் வாசிப்புக்கு உதவவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அனுபவமே இல்லாத இடங்களில்

பனி பொழியும் ஊரைப் பற்றிய பாடத்தை இராமநாதபுரத்துக் குழந்தை படிக்கும்போது நினைவுகூர எதுவும் இருக்காது. அப்போது அனுபவத்தை நாமே உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். ஐஸ் கட்டி ஒன்றைக் கையில் பிடிக்கவைத்து, விரல் மரத்துப்போவதை உணரச் செய்யுங்கள். பொழியும் பனி கட்டியாக விழாமல் பஞ்சுபோல் விழும் என்பதைப் படத்திலோ காணொளியிலோ காட்டுங்கள். இல்லையென்றால் தலையில் ஐஸ் கட்டி விழும் ஊர் என்று குழந்தை எண்ணிக்கொள்ளும். பாதி பொருந்தும் அனுபவம் தவறான பொருளையும் தரக்கூடும் என்பதால், எது ஒத்திருக்கிறது, எது வேறுபடுகிறது என்று இரண்டையும் கேட்பது அவசியம்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். தந்தையை இழந்த குழந்தையும், வீட்டில் தினமும் சண்டையைப் பார்க்கும் குழந்தையும் உங்கள் முன் உட்கார்ந்திருக்கலாம். "உங்க அப்பா உன்னை எங்க கூட்டிட்டுப் போவார்?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். "உனக்குப் பிடிச்சவங்க யாராவது" என்று கேளுங்கள். சொல்ல விருப்பமில்லாத குழந்தையை வற்புறுத்தாமல், கதையில் வேறு பாத்திரத்தைப் பற்றிப் பேசவிடுங்கள்.

கடைசிப் படி: உதவியைக் குறையுங்கள்

நாளுக்குப் பதினைந்து நிமிடமாக, சில வாரங்கள் தொடர்ந்து செய்துவந்தால், நீங்கள் நிறுத்தும் முன்பே குழந்தை தானாக நிறுத்திப் பேசத் தொடங்குவதைக் கவனிக்கலாம். அப்போது நோட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, புதிய பத்தி ஒன்றை மனத்துக்குள் வாசிக்கச் சொல்லி, சொன்ன விடைக்கு "எதை வைச்சு அப்படிச் சொல்றே?" என்று மட்டும் கேளுங்கள். பத்தியில் ஒரு வரியையும், தன் வாழ்விலிருந்து ஒன்றையும் சேர்த்துக் காட்டினால், அடுத்து அறிவியல் பாடத்துக்குப் போகலாம். நீர் ஆவியாதல் பற்றிய பத்தியைத் திறக்கும் முன், காலையில் துவைத்துக் கொடியில் போட்ட சட்டை மதியத்துக்குள் எப்படிக் காய்ந்தது, அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று கேட்டுத் தொடங்குங்கள்.