மேய்ச்சல் காட்சி வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வரைபவர்களின் மேய்ச்சல் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் பழைய என் படங்களே திரும்பி வருவது போல இருக்கிறது. வானம் வந்துவிடும், மரம் வந்துவிடும், மாடு மட்டும் நிற்காது. கொம்பு கோணல், வால் குட்டை என்பதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. அவை வரைந்தவர் கண்ணிலேயே படும். படாதவற்றைச் சொல்கிறேன்.

பின்னங்கால்

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மாட்டின் பின்னங்காலில், பாதி உயரத்தில் பின்பக்கம் துருத்தி நிற்கும் மூட்டை முழங்கால் என்று நினைத்துவிடுகிறார்கள். அது குதிகால். முழங்கால் அதற்கு வெகு மேலே, வயிற்றோரத் தோல் மடிப்பை ஒட்டி, முன்பக்கம் பார்த்து இருக்கிறது. மாடு விரல் நுனியில் நிற்கும் விலங்கு. முன்னங்காலின் நடுவில் தெரியும் மூட்டும் நம் மணிக்கட்டுக்கு ஈடானதுதான்.

இது புரியாமல் வரைந்தால் ஒன்று கால் தூண் மாதிரி நேராக இறங்கும், இல்லை மனிதக் கால் மாதிரி முன்னால் மடங்கும். அப்புறம் காலை மட்டும் திருத்தி முடியாது. தொடை, இடுப்பெலும்பு, மடி, தரையில் விழும் நிழல் எல்லாமே நகர வேண்டும்.

என்னிடம் பழகிய ஒருவர் பெரிய கான்வாஸில் மாலை வெயில் வரை எல்லாம் முடித்துக் கொண்டுவந்தார். முன்னால் நின்ற பசுவுக்கு இதே கோளாறு. சுரண்டிவிட்டு மறுபடி போடுங்கள் என்றேன். மனசு வரவில்லை, புல்லை வளர்த்து மறைத்துவிட்டார். படம் முழுக்கக் குட்டைப்புல், அந்த ஒரு பசுவைச் சுற்றி மட்டும் வயிறு உயரத்துக்குப் புல்! கடைசியில் கான்வாஸே வீண்.

வண்ணத்தைத் தொடுவதற்கு முன் இடுப்பெலும்பு, முழங்கால், குதிகால், குளம்புக்கு மேலுள்ள கணு ஆகிய நான்கு இடங்களைப் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டுப் பிறகு கோட்டை இழுங்கள். பிரெஞ்சு ஓவியர் ரோசா பொன்னெர் எலும்பும் தசையும் படிக்கப் பாரிஸின் இறைச்சிக் கூடங்களுக்கே போனவர். 1849இல் அவர் வரைந்த உழவுக் காட்சியில் எருதுகள் பாரம் இழுப்பது காலிலேயே தெரியும்.

திமில்

தோளுக்கு மேல். முதுகின் நடுவில் வைத்தால் ஒட்டகம்.

ஆட்டின் கண்

கண்மணி கிடைமட்டப் பட்டை. வட்டம் போடாதீர்கள்.

வால்

வெள்ளாட்டுக்கு நிமிரும், செம்மறிக்குத் தொங்கும்.

எழுந்திருக்கும் மாடு

பின்பக்கம்தான் முதலில் எழும். முன்பக்கத்தை முதலில் தூக்குவது குதிரை.

பல படங்களிலிருந்து ஒரு மாடு

தலை ஒரு புகைப்படத்தில், உடல் இன்னொன்றில் என்று ஒட்டுவது இப்போது சகஜம். டச்சு ஓவியர் பாவுலஸ் பாட்டர் 1647இல் 3 மீட்டருக்கும் அதிக அகலத்தில் வரைந்த காளையிலேயே வெவ்வேறு வயதுக் காளைகளின் உறுப்புகள் கலந்திருப்பதாகச் சொல்வார்கள். அவருடைய கைத்திறனில் அது கரைந்துபோகிறது. நமக்கு அப்படிக் கரையாது. கைபேசியை மாட்டின் முகத்தருகே நீட்டி எடுத்த படம் இன்னும் மோசம், தலை ஊதிப் பின்பக்கம் சுருங்கிவிடும். தள்ளி நின்று, ஒரே மாட்டை, ஒரே வெளிச்சத்தில் எடுங்கள்.