வேட்பாளரின் சொத்துக் கணக்கைப் பத்திரம் படிப்பதுபோல் படிப்பது எப்படி?

சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர் வரிசையில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். தேர்தல் வந்தால் போதும், "அவர் எத்தனை கோடி சேர்த்தார் தெரியுமா?" என்று டீக்கடையில் ஆரம்பித்துவிடுவார்கள். அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் இருக்கும்போது ஊகம் எதற்கு? வேட்புமனுவோடு சேர்த்துக் கொடுக்கிற சொத்து, கடன், வழக்கு விவர உறுதிமொழிப் பத்திரம் அது; படிவம் 26 என்று பெயர். இந்த விவரங்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொல்லி, 2003-ல் உறுதியானது.

ஒரே ஆள் கொடுத்த இரண்டு படிவங்களை எடுங்கள்: இந்தத் தேர்தலுக்கு ஒன்று, போன தேர்தலுக்கு ஒன்று. புதியது தேர்தல் ஆணைய இணையதளத்தில் ஸ்கேன் பிரதியாகக் கிடைக்கும். பழையதை, வேட்பாளர் படிவங்களைத் தொகுத்து வைத்திருக்கும் மைநேதா இணையதளத்தில் தேடலாம். மொத்தத் தொகையைப் பார்த்துப் பரபரக்காதீர்கள். சும்மா கிடந்த மனைகூட ஐந்து வருஷத்தில் விலை ஏறும். புதிதாக முளைத்த சர்வே எண் எது, காணாமல் போன சர்வே எண் எது என்று பாருங்கள்.

அசையாச் சொத்துப் பகுதியில் சர்வே எண், பரப்பு, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு எல்லாம் இருக்கும். பதிவுத்துறை தளத்தில் அந்த எண்ணுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். அதுவே பெரும்பாலும் சந்தை விலைக்குக் கீழேதான். இவர் எழுதிய 'சந்தை மதிப்பு' அதற்கும் கீழே என்றால் குறித்துக்கொள்ளுங்கள். பட்டாவோடு ஒப்பிடும்போது கவனம்: பட்டாவில் ஹெக்டேர் இருக்கும், படிவத்தில் ஏக்கர் கேட்டிருப்பார்கள். 2.47-ஆல் பெருக்க வேண்டும்.

காணாமல் போன நிலத்துக்கு அதே தளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். விற்றாரா, செட்டில்மென்ட் எழுதினாரா, யார் பெயருக்கு என்பது வந்துவிடும். மகன் பெயருக்கு என்றால் உடனே 'மறைத்துவிட்டார்' என்று கிளம்பாதீர்கள். வேட்பாளர், மனைவி அல்லது கணவர், கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்போர் சொத்தைத்தான் படிவம் கேட்கிறது. தனியாகச் சம்பாதிக்கும் மகன், மருமகன், தம்பி யாரும் அதில் வரமாட்டார்கள். சட்டமே திறந்து வைத்த கொல்லைப்புறக் கதவு அது.

எல்லோரும் தாண்டிப்போகிற கடன் பகுதியை நான்தான் முதலில் படிப்பேன். வருஷ வருமானம் ஆறு லட்சம் என்று காட்டுகிறவர் எண்பது லட்சத்துக்கு நிலம் வாங்கியிருந்தால், பணம் வந்த வழி அந்தப் படிவத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். ஏதாவது விற்றிருக்கணும், இல்லை கடன் வாங்கியிருக்கணும். கைமாற்று என்றால் யாரிடம்? 2018-க்குப் பிறகு ஐந்து வருஷ வருமான வரிக் கணக்கும், வருமானம் வரும் வழியும், அரசு ஒப்பந்த விவரமும் சேர்ந்திருப்பதால் ஒப்பிடுவது சுலபம்.

வழக்குப் பகுதியில் வெறும் எஃப்.ஐ.ஆரா, நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு பதிவானதா என்பதை மட்டும் பிரித்துப் பாருங்கள். மறியல் வழக்கும் மோசடி வழக்கும் ஒன்றாகாது.

தப்பு கண்டுபிடித்தால்? வேட்புமனுப் பரிசீலனைக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எதிர் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கலாம். படிவம் பொய் என்பதற்காக அலுவலர் மனுவைத் தள்ள மாட்டார். உங்கள் காகிதத்தையும் மக்கள் பார்வைக்கு வைப்பார். பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதற்குப் போக வேண்டிய இடம் மாஜிஸ்திரேட் கோர்ட். வெற்றியே செல்லாது என்று வழக்குப் போட அந்தத் தொகுதி வாக்காளருக்கும் உரிமை உண்டு. உயர் நீதிமன்றத்தில், 45 நாளுக்குள். ஆனால் விடுபட்ட ஒவ்வொரு பொருளும் வழக்கு ஆகாது. அப்போதைய அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. கரிக்கோ க்ரி வழக்கில் 2024-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. விட்டுப்போன பழைய ஸ்கூட்டருக்காகச் சென்னைக்குப் பஸ் ஏறாதீர்கள்.