ராணியை விரட்டிய குதிரை: 16 நகர்த்தலில் ஒரு டிரா

ஒரு செஸ் ஆட்டம் 16 நகர்த்தலில் டிரா (சமநிலை) என்றால், "சும்மா கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்கள்" என்று சொல்லிவிடுகிறோம். இந்த ஆட்டத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. 2013 நவம்பர் 9, சென்னை. உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் முதல் ஆட்டம். வெள்ளை நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன், கறுப்பு விஸ்வநாதன் ஆனந்த்.

1. தொடக்கம்
வெள்ளைக் குதிரையை எஃப்3-ல் (எஃப் நெடுவரிசை, வெள்ளைப் பக்கமிருந்து 3-வது கட்டம்) வையுங்கள். இதுதான் ரெட்டி தொடக்கம். கறுப்பு டி5 (காயின் பெயர் சொல்லாவிட்டால் சிப்பாய் நகர்கிறது என்று பொருள்). அப்புறம் இரு பக்கமும் ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, பிஷப்பை ஜி2, ஜி7-க்குக் கொண்டுவருகின்றன. அடுத்து வரிசையாக: டி4, சி6; வெள்ளை காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது), கறுப்புக் குதிரை எஃப்6; பி3, கறுப்பு காஸ்லிங்; வெள்ளை பிஷப் பி2, கறுப்பு பிஷப் எஃப்5. இதுவரை சண்டை இல்லை.

2. உரசல்
8-வதாக வெள்ளை சி4. கறுப்பின் இன்னொரு குதிரை டி7. வெள்ளைக் குதிரை சி3. கறுப்பு சி4 சிப்பாயை வெட்டுகிறது, வெள்ளை பி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது. டி7 குதிரை பி6-க்குத் தாவி சி4-ஐக் குறிவைக்கிறது.

3. குதிரை உள்ளே வருகிறது
வெள்ளை சி5 தள்ளிக் குதிரையை மிரட்டுகிறது. அது பின்வாங்காமல் சி4-க்கே தாவி, பி2 பிஷப்பைத் தாக்குகிறது. 12-வது நகர்த்தலில் பிஷப் புறப்பட்ட சி1-க்கே திரும்பிவிடுகிறது! உடனே கறுப்பின் எஃப்6 குதிரை டி5-க்கு வந்து, சி3 குதிரையைத் தாக்குகிறது.

4. விரட்டல்
இங்கே நிதானமாகப் பாருங்கள். 13-வதாக ராணி பி3: சி3-ஐயும் காக்கிறது, சி4 குதிரையையும் தாக்குகிறது. குதிரை ஏ5-க்குப் போய் ராணியைத் தாக்குகிறது. ராணி ஏ3. குதிரை மறுபடி சி4, மறுபடி ராணிக்கு ஆபத்து. பி3, ஏ5, ஏ3, சி4 என்று இன்னொரு சுற்று. அத்தோடு டிரா.

ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கோரலாம். இங்கே அப்படி வந்துவிட்டதா? எண்ணிப் பாருங்கள், இரண்டு முறைதான். 17-வதாக ராணி பி3-க்குப் போனால்தான் மூன்றாவது. அதற்குள்ளேயே ஒப்புக்கொண்டார்கள். முதலில் நகர்த்தும் வெள்ளைக் காய்களை வைத்து ஆடியவரே மாட்டிக்கொண்டார் என்பதால், அன்று திருப்தியோடு எழுந்திருக்க வேண்டியவர் ஆனந்த்தான் என்பேன்.

5. நீங்களே செய்து பாருங்கள்
ராணி ஏ3-ல், குதிரை சி4-ல் இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். ராணி ஏன் பி4-க்குப் போகவில்லை? டி5 குதிரை வெட்டிவிடும். அந்தக் குதிரையைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.