அமெரிக்க அரசியல் புத்தகங்கள்: எங்கே தடுக்கி விழுகிறோம்?

அமெரிக்காவின் அரசியல், ஜனநாயகம், பண்பாடு பற்றி அங்கே எழுதப்படும் புத்தகங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சண்டையின் நடுவில் நின்று எழுதப்பட்டவை. அது என்ன சண்டை என்பது அங்குள்ள வாசகருக்குத் தெரியும் என்பதால் ஆசிரியர் விளக்கிக்கொண்டிருக்க மாட்டார். வெளியே இருந்து படிக்கும் நாம், ஒரு தரப்பின் வாதத்தையே நடந்த கதை என்று எடுத்துக்கொள்கிறோம். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து வருபவை.

எழுதிய ஆண்டைப் பார்க்காமல் தொடங்குவதை எடுத்துக்கொள்வோம். அடிமைமுறையை ஒட்டி வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. அதன்பின் தென்மாநிலங்களைச் சீரமைத்த, 1877 வரையிலான காலத்துக்கு ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின ஆண்கள் வாக்களித்தார்கள், பதவிக்கு வந்தார்கள். 1870-இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவெல்ஸ் என்ற கறுப்பினத்தவர் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கே போனார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய வரலாறுகளைப் படித்தால், அது ஊழலும் குளறுபடியும் மலிந்த காலம், கறுப்பர்களுக்கு வாக்குரிமை கொடுத்ததே பிழை என்ற முடிவுக்குத்தான் வருவீர்கள். அடிக்குறிப்பு, ஆவணம் எல்லாம் உள்ள முறையான ஆய்வுகள் அவை. பல பத்தாண்டுகள் பள்ளிப் பாடப்புத்தகங்களும் அதையே சொல்லின.

கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் 1935-இல் ‘பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற பெரிய நூலை எழுதி இதற்குப் பதில் சொன்னார். கடைசி அத்தியாயத்துக்கு அவர் வைத்த தலைப்பே வரலாற்றின் பிரச்சாரம் என்பதுதான். பாடப்புத்தகங்களிலிருந்து வரிகளை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக உரிக்கிறார். வரலாற்றுத் துறை நெடுநாள் அதைச் சரியாகக் கண்டுகொள்ளவில்லை. 1988-இல் எரிக் ஃபோனர் எழுதிய விரிவான வரலாறு வந்தபோது டன்னிங் பார்வை ஏற்கெனவே சரிந்திருந்தது. ஃபோனர் கொடுத்த சித்திரம்தான் இன்று அடிப்படை. அவரும் கொலம்பியா பேராசிரியர்தான் என்பது வேடிக்கை.

நமக்கு இதில் ஒரு கூடுதல் ஆபத்து உண்டு. காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. காசு கொடுக்காமல் தேடுபவர் கையில் முதலில் அகப்படுவது டன்னிங்கின் 1907 நூலாகவோ, பின்னாளில் அதிபரான உட்ரோ வில்சன் 1902-இல் எழுதிய அமெரிக்க வரலாறாகவோ இருக்கலாம். வில்சனின் வரிகளை ‘த பர்த் ஆஃப் எ நேஷன்’ என்ற 1915-ஆம் ஆண்டு இனவெறிப் படம் திரையிலேயே மேற்கோள் காட்டியது. படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தச் சண்டையில் எந்தத் தரப்பின் வாதம் என்று தெரிந்து படியுங்கள். ஃபோனரின் முழு நூல் மலைக்க வைத்தால், 1990-இல் அவரே சுருக்கிக் கொடுத்த பதிப்பு இருக்கிறது.

கட்சிப் பெயர்களிலும் இதே சிக்கல். ரெவெல்ஸ் ரிபப்ளிகன், அவரைப் போன்றவர்களைத் துரத்தியடித்த தென்மாநில வெள்ளையர் கட்சி டெமாக்ரட். 1964-இல் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் லிண்டன் ஜான்சனும் டெமாக்ரட்தான். அதற்குப் பிறகுதான் தென்மாநில வெள்ளையர்கள் மெல்ல மெல்ல ரிபப்ளிகன் பக்கம் போனார்கள். ஆண்டைக் கவனிக்காமல் இன்றைய கட்சிகளை மனத்தில் வைத்துப் படித்தால் கதை தலைகீழாகிவிடும்.

அடுத்தது, ஒருவருடைய வாழ்க்கைக் கதையை ஒரு சமூகத்தின் ஆய்வாக எடுத்துக்கொள்வது. ஜே. டி. வான்ஸின் ‘ஹில்பில்லி எலிஜி’ 2016-இல் வந்தது. அந்த ஆண்டு டிரம்ப் ஜெயித்ததும், அவருக்கு வாக்களித்த ஏழை வெள்ளையர்களைப் புரிந்துகொள்ள இதுவே போதும் என்று பத்திரிகைகள் கொண்டாடின. உண்மையில் அது ஒஹாயோவின் மிடில்டவுன் என்ற எஃகு ஆலை ஊரில் வளர்ந்த ஒரு பையன், போதைக்கு அடிமையான தாய், தாங்கிப் பிடித்த பாட்டி ஆகியோரின் கதை. அந்த அளவில் நல்ல எழுத்து. ஆனால் அதைத் தாண்டி, அந்த மக்களின் குணமே அவர்களைக் கெடுக்கிறது என்ற வாதமும் ஊடே ஓடுகிறது. அதற்கான ஆதாரம் பெரும்பாலும் அவர் குடும்பமும் அக்கம்பக்கமும்தான். வான்ஸ் குடும்பத்தின் பூர்வீகமான அப்பலாச்சிய மலைப்பகுதியைச் சேர்ந்தவர்களே இதற்கு மறுப்பாக நூல்கள் எழுதினார்கள். அப்போது டிரம்பைக் கடுமையாக விமர்சித்த வான்ஸ், 2025 ஜனவரியில் அவருடைய துணை அதிபரானார். இப்போது படிப்பவர் அதையும் மனத்தில் வைத்துத்தானே படிக்க வேண்டும்?

அதே 2016-இல் வந்த ஆர்லி ஹோக்‌ஷீல்டின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் தேர் ஓன் லேண்ட்’ நூலை முதலில் படியுங்கள் என்பேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகச் சமூகவியலாளர் அவர். தான் இடதுசாரிச் சாய்வுள்ளவர் என்பதை மறைக்காமல், லூசியானாவின் லேக் சார்ல்ஸ் பகுதியில் ஐந்தாண்டுகள் பழகி எழுதினார். ரசாயன ஆலைகளால் தண்ணீரும் நிலமும் கெட்டுப்போன இடம். அங்குள்ளவர்களே அரசின் சுற்றுச்சூழல் கட்டுப்பாடுகள் வேண்டாம் என்கிறார்கள், ஏன்? நீண்ட வரிசையில் பொறுமையாக நிற்கிறோம், யார் யாரோ இடையில் புகுகிறார்கள், அரசு அவர்களுக்கு உதவுகிறது என்ற உணர்வு அவர்களிடம் இருப்பதாக ஒரு கதையாக்கிச் சொல்கிறார். இது அவர் கட்டிய கதை. கட்டியதை அந்த மக்களிடமே திரும்பக் கொண்டுபோய், சரியாக இருக்கிறதா என்று கேட்டார். அவர்கள் ஆமோதித்தது தங்கள் உணர்வை. நிஜமாகவே யாராவது வரிசையில் புகுந்தார்களா என்பது வேறு கேள்வி. இதைப் புள்ளிவிவரம் போல எடுத்து மேற்கோள் காட்டுவது அந்த நூலுக்கே அநியாயம்.

அப்புறம், நம் ஊர் அமைப்புகளை அங்கே பொருத்திப் பார்ப்பது. அங்கே மேலிடம் சீட்டுக் கொடுப்பதில்லை. வேட்பாளரை உட்கட்சித் தேர்தலில் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சித்தாவல் தடைச் சட்டமும் கிடையாது. 2017 ஜூலையில் ரிபப்ளிகன் செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டித் தன் கட்சியின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவையே தோற்கடித்தார், பதவி போகவில்லை. நம் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் அமைப்பும் இல்லை. அந்தந்த மாநிலமும், நம் மாவட்டம் போன்ற கவுண்ட்டியும்தான் நடத்துகின்றன. 2000-இல் ஃபுளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசத்தில் அதிபர் யாரென்று முடிவானபோது, ஒரு கவுண்ட்டியின் வாக்குச்சீட்டு வடிவமே சர்ச்சையானது அதனால்தான்.

இது தெரியாமல், ஜனநாயகங்கள் எப்படிச் சாகின்றன என்று அரசியல் அறிஞர்கள் லெவிட்ஸ்கியும் ஸிப்லாட்டும் எழுதிய ‘ஹவ் டெமாக்ரசீஸ் டை’ நூலைப் படித்தால் பாதி நழுவிவிடும். உச்ச நீதிமன்ற நீதிபதியை அதிபர் முன்மொழிய, செனட் ஒப்புதல் தர வேண்டும், பதவி ஆயுட்காலத்துக்கு. 2016-இல் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை செனட் விசாரிக்கவே மறுத்தது. சட்டப்படி தவறில்லை, எழுதப்படாத மரபு உடைந்தது என்பதே அந்த நூலின் கவலை. ஆனால் அது 2018 ஜனவரியில் வந்த நூல்; 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர்கள் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த கலவரம் அதில் இல்லை. அதே ஆசிரியர்கள் 2023-இல் எழுதிய அடுத்த நூலில் குற்றச்சாட்டு அரசமைப்பின் மேலேயே திரும்புகிறது: சுமார் 4 கோடிப் பேர் உள்ள கலிஃபோர்னியாவுக்கும் 6 லட்சத்தைத் தொடாத வயோமிங்குக்கும் ஆளுக்கு இரண்டு செனட்டர்கள். முதல் நூலை மட்டும் படித்துவிட்டு இவர்கள் வாதம் இது என்று பேசக்கூடாது.

இசபெல் வில்கர்சனின் ‘காஸ்ட்’ தலைப்பைப் பார்த்தே நம்மவர்கள் வாங்குவார்கள். அது அமெரிக்க நிறவெறி பற்றிய நூல். இந்தியா அதில் ஒப்பீட்டுக்கு வருகிறது. நம் சாதியை அறிய அதில் தேடினால் ஏமாற்றம்தான். இந்த ஒப்பீடு அவர் தொடங்கியதும் அல்ல. அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்குக் கறுப்பினத்தவர் கொடுத்த மனுவின் நகல் கேட்டார். டு பாய்ஸும் பதில் போட்டார்.

கடைசியாக, மேற்கோள்களை அப்படியே நம்புவது. அமெரிக்க ஜனநாயகம் பற்றி எழுதிய பிரெஞ்சுக்காரர் டோக்வில் சொன்னதாக ஒரு வரி மேடைகளில் ஓடும்: அமெரிக்கா நல்லதாக இருப்பதால்தான் மகத்தானதாக இருக்கிறது என்று. அதிபர்களே சொல்லியிருக்கிறார்கள். 1835-இலும் 1840-இலும் வந்த அவருடைய நூலின் எந்தத் தொகுதியிலும் அது இல்லை. வெள்ளை மாளிகைக்குள் நடந்த ரகசியங்களைச் சொல்லும் புத்தகங்களுக்கும் இந்த எச்சரிக்கை வேண்டும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் உரையாடல் பெரும்பாலும் ஒலிப்பதிவு அல்ல, பெயர் சொல்லாத யாரோ ஒருவரின் நினைவு. எந்தக் காட்சியில் யார் மட்டும் புத்திசாலியாகத் தெரிகிறாரோ, தகவல் கொடுத்தவர் அவராக இருக்க வாய்ப்பு அதிகம்.