ஒளிவினையூக்கிகளைச் சலிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒளி பட்டால் நீரிலிருந்து ஹைட்ரஜனை வெளியேற்றும் தூள்களை வரிசையாகக் குப்பிகளில் சோதித்து நல்லவற்றைத் தேர்வதைத்தான் சலிப்பது என்கிறோம். இந்த வேலைக்கு ஒவ்வோர் ஆண்டும் புது மாணவர்கள் வருகிறார்கள். நாங்கள் சேர்ந்த புதிதில் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். குப்பியின் ரப்பர் மூடி (செப்டம்) கசிவது, காற்றை வெளியேற்ற ஆர்கான் போதாமல் விடுவது எல்லாம் வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜிசி கருவியில் நைட்ரஜன் பீக்கை (முகட்டை)ப் பார்த்ததுமே பிடிபட்டுவிடும். அவை இங்கே வேண்டாம்.

கிராமால் வகுப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். குப்பியில் 20 மில்லிகிராம் தூள் போட்டு, மணிக்கு 10 மைக்ரோமோல் ஹைட்ரஜன் வந்தது என்று வையுங்கள். கிராமுக்கு 500. அதே தூளை 2 மில்லிகிராம் மட்டும் போட்டு 6 மைக்ரோமோல் வந்தால், கிராமுக்கு 3000! பொருள் அதேதான், எண் மட்டும் ஆறு மடங்கு ஏறிவிட்டது. விழுகிற ஒளியை விழுங்க ஓரளவு தூள் போதும், அதற்கு மேல் போடுவது நிழலில் சும்மா கிடக்கும்.

ஒருமுறை தூள் தீர்ந்துபோகிறதே என்று ஒரு மாணவர் கடைசி வரிசைக் குப்பிகளில் பாதி எடைதான் போட்டார். அந்த வரிசைதான் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதை நம்பி அதே வகைப் பாலிமர்த் தூள்களாகச் செய்து குவித்தார்கள். எடை எழுதிய நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. 2020-இல் லிவர்பூல் பல்கலைக்கழக ரோபோ ஒன்று 8 நாளில் 688 சோதனைகளை ஓட்டியது. அந்த வேகத்தில் தப்பான எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும்?

முதலில் எடையைக் கூட்டிக்கொண்டே போய், வேகம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த எடையில் வைத்து ஒப்பிடுங்கள். மணிக்கு எத்தனை மைக்ரோமோல் என்று வகுக்காமல் எழுதுங்கள். தேறியவற்றுக்குக் குவாண்டம் திறனை (விழும் ஒளித்துகள்களில் எத்தனை சதவீதம் வேலைக்கு ஆகிறது என்பதை), அலைநீளத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஜப்பானிய ஆய்வாளர் கசுனாரி டோமெனின் குழு 2020-இல் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டுக்கு 350–360 நானோமீட்டரில் 96 சதவீதம் வரை காட்டியதை எந்த ஆய்வகமும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 'கிராமுக்கு 3000' என்பதை யார் எதோடு ஒப்பிடுவது?

ஓரக் குப்பிகள்

நடுவில் விழும் ஒளி ஓரத்தில் விழாது. ஒரே கலவையை எல்லாக் குப்பியிலும் ஊற்றி ஒருமுறை ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

மிச்சப் பல்லேடியம்

பல்லேடியம் உலோகத்தை வினையூக்கியாகக் கொண்ட சுசுகி வினையில் செய்த பாலிமரில் அது ஒட்டிக்கொண்டிருக்கும்; அதுவும் ஹைட்ரஜனை வரவைக்கும். எஃப்8பிடி என்ற பாலிமரின் நானோதுகள்களில் 40 பிபிஎம்-க்கும் (பத்து லட்சத்தில் 40 பங்குக்கும்) குறைவான பல்லேடியமே வேலை செய்துவிடுகிறது என்று 2018-இல் காட்டினார்கள். 1 பிபிஎம்-க்குக் கீழே கொண்டுபோனதும் அளக்கும்படி ஹைட்ரஜனே வரவில்லை. பாலிமரைப் புகழும் முன் உலோக அளவைக் காட்டும் ஐசிபி சோதனைக்கு அனுப்புங்கள்.

சூடு

விளக்கின் சூடே வேகத்தை மாற்றிவிடும்; குளிர்நீர் ஓடாத நாளின் அளவீடு குப்பைக்கு.

'நீரைப் பிளந்தோம்'

நீருக்குப் பதிலாகத் தானே எலக்ட்ரான் தரும் ட்ரைஎத்தனாலமைனை ஊற்றிவிட்டா இப்படிச் சொல்கிறீர்கள்? நீர் பிளந்தால் ஆக்சிஜனும் வர வேண்டும்; அதன் பீக்கைக் காட்டுங்கள்.